எரிந்துபோன மோப்பக் கருவி

தணிக்கையாளர்: எரிஞ்சு போச்சுன்னு போட்டிருக்கீங்க.

கணக்கர்: ஆமா மேடம்.

தணிக்கையாளர்: எது எரிஞ்சது?

கணக்கர்: அதுலயே இருக்கே மேடம்... கருவி.

தணிக்கையாளர்: "சோதனைக் கருவிகள், மோப்பம். தீயில் எரிந்தது." சரி. எங்க எரிஞ்சது?

கணக்கர்: இங்கதான்... அதாவது, நம்ம வளாகத்துக்குள்ளதான்.

தணிக்கையாளர்: தீயணைப்பு நிலையத்துச் சான்றிதழ்?

கணக்கர்: அவ்வளவு பெரிய தீ இல்ல மேடம்.

தணிக்கையாளர்: சுவரு கருகல. மேசை கருகல. பக்கத்து ரெக்கார்டு ரூம் முழுக்கக் காகிதம், அதுல ஒரு தாள் எரிஞ்சதாக் கணக்குல இல்ல. கருவி மட்டும் எரிஞ்சிருக்கு.

கணக்கர்: அதத் தனியா வெச்சிருந்தோம்.

தணிக்கையாளர்: சார், சுத்தி வளைக்காம கேக்கறேன். மோப்பக் கருவின்னா என்ன?

கணக்கர்: மோப்பம் பிடிக்கற...

தணிக்கையாளர்: பிடிக்கற?

கணக்கர்: நாய் மேடம்.

தணிக்கையாளர்: நாய் எரிஞ்சு போச்சு.

கணக்கர்: ஐயோ, அப்படி இல்ல மேடம். செத்துப் போச்சு. செத்ததுக்கு அப்புறம் எரிச்சோம்.

தணிக்கையாளர்: அப்ப செத்துப் போச்சுன்னு எழுத வேண்டியதுதானே.

கணக்கர்: எழுதத்தான் பாத்தேன். கம்ப்யூட்டர் விட்டாத்தானே? ஒரு சொத்தக் கணக்குலேர்ந்து கழிக்கணும்னா அதுல இருக்கற காரணத்துல ஒண்ணத்தான் தொட முடியும். உடைஞ்சது, திருடு போனது, எரிஞ்சது, ஏலத்துல வித்தது. நீங்களே சொல்லுங்க, நாய எப்படி உடைஞ்சதுன்னு போடறது?

தணிக்கையாளர்: உங்க துறை வேல எனக்குத் தெரியும். வெளியிலேர்ந்து வர்ற பழம், விதை, செடி எதுவும் பூச்சியோட உள்ள நுழைஞ்சுடக் கூடாது. பயணிங்க பைய மோந்து பாக்க நாய் வெச்சிருக்கீங்க. அதெல்லாம் சரி. நாய் எப்படிக் கருவி ஆச்சு?

கணக்கர்: எனக்கு முன்னாடி இந்த நாற்காலில இருந்தவர் பண்ணின புண்ணியம். ஆண்டுக் கணக்கறிக்கைக்குப் புதுப் படிவம் வந்தப்ப, அதுல கட்டடம், வண்டி, மேசை நாற்காலி, கருவின்னு தலைப்பு இருந்துச்சு. உசுருள்ளதுக்குத் தலைப்பு இல்ல. முதல்ல வண்டில சேக்கலாம்னு பாத்தாராம்.

தணிக்கையாளர்: வண்டிலயா?

கணக்கர்: ஓடுதேன்னு. அப்புறம் அவருக்கே என்னமோ தோணி, கருவில போட்டுட்டார். எக்ஸ்ரே மெஷினுக்கு அடுத்த வரில.

தணிக்கையாளர்: அதனாலதான் சாப்பாட்டுச் செலவு "எரிபொருள்"ல வருதா?

கணக்கர்: கருவிக்குச் சாப்பாடுன்னு எழுதினா உங்க ஆபீஸ்தானே மேடம் முதல்ல கேள்வி கேக்கும்?

தணிக்கையாளர்: தடுப்பூசி?

கணக்கர்: ஆண்டுப் பராமரிப்பு.

தணிக்கையாளர்: நகம் வெட்டினது?

கணக்கர்: சில்லறைப் பழுதுபார்ப்பு.

தணிக்கையாளர்: கொஞ்ச வருஷம் முன்னாடி, "கூடுதல் கருவிகள், விலையின்றிப் பெறப்பட்டவை"ன்னு ஒரு வரி வந்துச்சு.

கணக்கர்: குட்டி போட்டுச்சு மேடம்.

தணிக்கையாளர்: அதுக்கு எங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு கேள்வி வந்திருக்குமே.

கணக்கர்: வராமயா? "ஒரு கருவி வேறு கருவிகளை எவ்வாறு உற்பத்தி செய்தது, விளக்கவும்." இங்க ஆபீஸே சிரிச்சுது மேடம். எவன் எழுதினானோ, அவனுக்குக் கல்யாணம் ஆகலன்னு நெனைக்கறேன்.

தணிக்கையாளர்: ஆயிடுச்சு. நான்தான் எழுதினேன். அந்தக் கேள்வி அப்படியே சட்டசபை வரைக்கும் போச்சு. ஒரு உறுப்பினர் எழுந்து ராகம் போட்டு வாசிச்சார். எங்க மேலதிகாரி அதுக்கப்புறம் ரொம்ப நாள் என் வணக்கத்த வாங்கிக்கல. அதான், இந்த வருஷம் மோப்பம்னு எங்க இருந்தாலும் நேர்ல போய்க் கண்ணால பாத்துடறதுன்னு வெச்சிருக்கேன்.

கணக்கர்: பாக்கறதுக்குத்தான் இல்லையே மேடம். எரிஞ்சு... எரிச்சாச்சே.

தணிக்கையாளர்: சார், இது இன்னும் வரைவுதான். வரைவுல தப்பு இருக்கலாம், அதத் திருத்தத்தான் நாங்க வர்றோம். நாளைக்கு உங்க டைரக்டர் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை சபைல வெச்சுட்டா, அப்புறம் அது தப்பு இல்ல, பொய். டைரக்டர் கைய உதறிட்டுப் போயிடுவார். மாட்டறது யாரு?

கணக்கர்: நான்தான்.

தணிக்கையாளர்: வேல போகும். புரிஞ்சுதான் எழுதினீங்களா?

கணக்கர்: டீ சொல்லட்டுமா மேடம்?

தணிக்கையாளர்: தணிக்கைக்குப் போற இடத்துல நான் பச்சத் தண்ணி குடிக்கறதில்ல. பைல ஆரஞ்சு இருக்கு, மத்தியானத்துக்கு அது போதும். அந்த நாயப் பழக்கினவர் இருக்காரா?

கணக்கர்: நாய்க்காரரா? இருக்கார், கொட்டடில இருப்பார்.

தணிக்கையாளர்: கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் உங்க நாற்காலில உக்காந்து பழைய வருஷத்தயெல்லாம் பாக்கறேன். கம்ப்யூட்டர் அந்தப் பக்கம்தானே இருக்கு.

கணக்கர்: தாராளமா உக்காருங்க மேடம். இதோ வந்துடறேன்.

*

நாய்க்காரர்: என்ன மாப்ளே, பேயறைஞ்ச மாதிரி ஓடி வர்ற?

கணக்கர்: அத்தான், மெதுவாப் பேசுங்க. தணிக்கைக்காரம்மா வந்துட்டாங்க.

நாய்க்காரர்: நாளைக்குன்னு சொன்னே?

கணக்கர்: நாளைக்கு வர்றவங்க இன்னிக்கே வந்து என் நாற்காலில உக்காந்திருக்காங்க. உங்களக் கேக்கறாங்க.

நாய்க்காரர்: மிளகு எங்க?

கணக்கர்: ரெக்கார்டு ரூம்ல. கோணி விரிச்சுப் படுக்க வெச்சுட்டேன்.

நாய்க்காரர்: கதவச் சாத்தினியா? அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கெடையாதே.

கணக்கர்: ஃபைல் கட்ட முட்டுக் குடுத்திருக்கேன். பழைய அறிக்கைங்க, ஆனை தள்ளினாலும் நகராது. இப்ப கேளுங்க. உள்ள வந்து ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். வயசாகிச் செத்துப் போச்சு, எரிச்சுட்டோம்.

நாய்க்காரர்: உசுரோட மூச்சு விட்டுக்கிட்டுப் படுத்திருக்கறவள செத்துட்டான்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல மாப்ளே.

கணக்கர்: எழுதின எனக்குக் கை எழும்புச்சே. சொல்லலன்னா என்ன ஆகும்? கருவிக்கு ஆயுள் முடிஞ்சதுன்னு கம்ப்யூட்டர் செவப்பு எழுத்துல காட்டுது. ஆயுள் முடிஞ்சு கையில இருந்தா ஏலம். போன ஏலத்துல வித்த நம்ம சாம்பல் நாய்க்கு என்ன ஆச்சுன்னு மறந்து போச்சா?

நாய்க்காரர்: மறப்பேனா? தெனம் அந்த வழியாத்தானே வர்றேன். அத ஏலத்துல எடுத்த கிடங்குக்காரன் வாசல்ல சங்கிலில கட்டிப் போட்டிருக்கான். நிழலுன்னு ஒரு பொட்டு இல்ல. என்னப் பாத்தா எழுந்து நிக்குது. வால ஆட்டறதில்ல... எழுந்து மட்டும் நிக்குது.

கணக்கர்: அதான் சொல்றேன்.

நாய்க்காரர்: மிளக நானே ஏலத்துல எடுத்துக்கறேன்னா விட மாட்டேங்கறீங்க.

கணக்கர்: ஊழியரும் ஊழியரோட சொந்தமும் ஏலம் கேக்கக் கூடாது அத்தான். எத்தன தடவ சொல்றது?

நாய்க்காரர்: உங்கக்கா கேக்கட்டும்.

கணக்கர்: அக்கா எனக்குக் கூடப் பொறந்தவ, உங்களுக்குப் பெண்டாட்டி. அவளுக்கு ரெண்டு பக்கமும் கதவு அடைச்சாச்சு. வாங்க. என்ன சொல்லணும்?

நாய்க்காரர்: எரிச்சோம்.

கணக்கர்: ம். எரிச்சோம். அது போதும், வேற எதுவும் பேசாதீங்க.

*

கணக்கர்: உள்ள வரலாமா மேடம்... கதவ ஏன் சாத்திட்டீங்க?

தணிக்கையாளர்: காத்துல பேப்பர் பறக்குது.

கணக்கர்: ஃபேனே ஓடலையே மேடம்.

தணிக்கையாளர்: அப்ப இனிமே பறக்காது. வாங்க, கதவச் சாத்திட்டு அந்தப் பக்கமே உக்காருங்க. இந்தப் பக்கம் வர வேண்டாம், நான் காகிதத்தயெல்லாம் பரப்பி வெச்சிருக்கேன்.

நாய்க்காரர்: வணக்கம் மேடம்.

தணிக்கையாளர்: வணக்கம். நீங்கதான் நாய்க்காரரா?

நாய்க்காரர்: ஆர்டர்ல பயிற்சியாளர்னு இருக்கு. கூப்பிடறது நாய்க்காரர்னுதான்.

தணிக்கையாளர்: நாய் எப்படிச் செத்துச்சு?

நாய்க்காரர்: வயசாகி மேடம்.

தணிக்கையாளர்: உடம்ப என்ன பண்ணினீங்க?

நாய்க்காரர்: புதைச்சோம்.

கணக்கர்: எரிச்சோம்.

நாய்க்காரர்: எரிச்சு... புதைச்சோம்.

தணிக்கையாளர்: எரிச்சதுக்கப்புறம் புதைக்க என்ன இருக்கு?

நாய்க்காரர்: மனசு கேக்கல மேடம்.

தணிக்கையாளர்: எங்க புதைச்சீங்க?

கணக்கர்: கொட்டடிக்குப் பின்னாடி. போய்ப் பாக்கணும்னா... வெயில் வேற கொளுத்துது மேடம்.

தணிக்கையாளர்: வேண்டாம். நான் இப்ப எழுந்திருக்கற நெலமைல இல்ல.

கணக்கர்: உடம்பு சரியில்லையா மேடம்? தண்ணியாவது...

தணிக்கையாளர்: உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நாய்க்காரரே, அதுக்குப் பேரு என்ன?

நாய்க்காரர்: மிளகு. கருப்பா, உருண்டையா வந்தா குட்டில. காரமும் ஜாஸ்தி.

தணிக்கையாளர்: கடிக்குமா?

நாய்க்காரர்: சேச்சே. காரம்னா வேலைல மேடம். ஈ எறும்பக் கூடக் கடிக்க மாட்டா.

தணிக்கையாளர்: மாட்டா?

நாய்க்காரர்: ...மாட்டா.

தணிக்கையாளர்: செத்தவளுக்கு யாரும் "மாட்டா"ன்னு சொல்ல மாட்டாங்க. "கடிச்சதில்ல"ன்னு சொல்லுவாங்க.

கணக்கர்: பழக்க தோஷம் மேடம். அத்தா... அவரு இன்னும் நம்பல, அது போயிட்டதா.

தணிக்கையாளர்: நான் அவரக் கேக்கறேன் சார். பைல பழம் இருந்தா மிளகு என்ன பண்ணும்? குரைக்குமா?

நாய்க்காரர்: குரைச்சா ஜனங்க பயந்துடுவாங்களே. அவ சத்தமே போட மாட்டா... போட்டதில்ல. பைக்குப் பக்கத்துல போய் உக்காந்துடுவா. அவ்வளவுதான். பையோட சொந்தக்காரர் நகந்தார்னா, அவர் கால் மேல தலைய வெச்சுப் படுத்துக்குவா. அது நான் சொல்லிக் குடுத்தது இல்ல, அவளா கத்துக்கிட்டது. தலை கனமா மேடம், ஆளு நகர முடியாது.

தணிக்கையாளர்: ம். கனமாத்தான் இருக்கும்.

நாய்க்காரர்: ஒரு தடவ ஒரு பெரிய மனுஷன், கோட்டு சூட்டு, பைல ஒண்ணும் இல்லன்னு சாதிக்கறார். இவ கால் மேல படுத்துட்டா. அவர் திட்டறார், கத்தறார், பிஸ்கட்டப் போட்டுப் பாக்கறார். அசையல. கடைசில கோட்டோட உள்பாக்கெட்லேர்ந்து ரெண்டு மாம்பழம். ஒண்ணு நசுங்கிப் போச்சு.

தணிக்கையாளர்: அப்ப எப்படித்தான் எழுந்திருக்கும்?

நாய்க்காரர்: பழத்த வெளிய எடுத்துட்டு, தலைல கை வெச்சு, "ஆச்சு"ன்னு சொல்லணும். வேல முடிஞ்சதுன்னு அர்த்தம். சொன்னா எழுந்துடுவா.

தணிக்கையாளர்: யாரு சொன்னாலுமா?

நாய்க்காரர்: அவளத்தான் கேக்கணும். எனக்குத் தெரிஞ்சு நான் சொல்லித்தான் எழுந்திருக்கா. இப்ப காது வேற மந்தமாயிடுச்சு, தூர இருந்து கூப்பிட்டா விழாது. மூக்கு மட்டும்...

கணக்கர்: அத்தான்.

நாய்க்காரர்: ...மூக்கு கடைசி வரைக்கும் நல்லா இருந்துச்சு மேடம்.

தணிக்கையாளர்: அத்தானா?

கணக்கர்: அக்கா வீட்டுக்காரர் மேடம். ஆபீஸ்ல சொல்லிக்கறதில்ல.

தணிக்கையாளர்: கழுத்துப்பட்டைல சொத்து எண் பொறிச்சிருப்பீங்களே, அத எங்க வெச்சிருக்கீங்க? நாயத்தான் பாக்க முடியல, பட்டையவாவது பாத்துக்கறேன்.

நாய்க்காரர்: பட்டையா? அது... அவ கழுத்துல...

கணக்கர்: கழுத்துலேர்ந்து கழட்டி வெச்சிருக்கோம்ல அத்தான், பக்கத்து ரூம்ல. போய் எடுத்துட்டு வாங்க. மெதுவாவே எடுத்துட்டு வாங்க.

நாய்க்காரர்: ஆங்... கழட்டி எடுத்துட்டு வர்றேன்.

தணிக்கையாளர்: போயிட்டு வாங்க.

கணக்கர்: நல்ல மனுஷன் மேடம். கொஞ்சம் வெகுளி.

தணிக்கையாளர்: ஆச்சு.

கணக்கர்: என்ன மேடம் ஆச்சு?

தணிக்கையாளர்: ஒண்ணும் ஆகல. அதான் தொல்லை. சார், ஆண்டு அறிக்கை விதிமுறை வெச்சிருக்கீங்களா?

கணக்கர்: அலமாரில இருக்கு மேடம். எடுக்கட்டுமா?

தணிக்கையாளர்: உக்காருங்க, எனக்குப் பாடம். "ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை தயாரிக்குமுன், ஒவ்வொரு சொத்தின் பயன்பாட்டு ஆயுளும் மறு ஆய்வு செய்யப்பட வேண்டும்." பண்ணினீங்களா?

கணக்கர்: அது... கம்ப்யூட்டரே பண்ணிடுதே மேடம்.

தணிக்கையாளர்: கம்ப்யூட்டர் கழிக்கும். மறு ஆய்வு மனுஷன்தான் பண்ணணும். உங்க எக்ஸ்ரே மெஷினுக்கும் இதே ஆயுள்தான் போட்டிருக்கு. அதுவும் முடிஞ்சுது. அத ஏன் ஏலம் விடல?

கணக்கர்: அது நல்லா ஓடுது மேடம். ஆயுள நீட்டிச்சு எழுதிட்டோம்.

தணிக்கையாளர்: நீட்டிக்க என்ன வேணும்?

கணக்கர்: இயங்கும் நிலையில இருக்குன்னு ஒரு சோதனைக் குறிப்பு. துறைக்கு வெளிய இருக்கறவங்க கண்ணால பாத்துக் கையெழுத்துப் போடணும்.

தணிக்கையாளர்: அத ஏன் நாய்க்குப் பண்ணல?

கணக்கர்: தோணவே இல்ல மேடம். மெஷின்னா ஆயுள நீட்டிக்கலாம். நாயோட ஆயுள எப்படி நீட்டிக்கறதுன்னு... நாயின்னே நெனச்சுட்டேன்.

தணிக்கையாளர்: எழுதறப்ப கருவின்னு எழுதினீங்க. காப்பாத்தற எடத்துல நாயின்னு நெனச்சுட்டீங்க.

கணக்கர்: அப்ப... நீட்டிச்சிருந்தா ஏலம் கெடையாதா மேடம்?

தணிக்கையாளர்: இயங்கற கருவிய எப்படி ஏலம் விடுவாங்க? வருஷா வருஷம் சோதிக்கணும், வருஷா வருஷம் நீட்டிக்கணும். தெனமும் வேலைக்கு அனுப்பணும்னுகூட விதி இல்ல. இருக்கற எடத்துல இருக்கலாம்.

கணக்கர்: இருக்கற எடத்துலயேவா?

தணிக்கையாளர்: கொட்டடி, எரிபொருள், சில்லறைப் பழுதுபார்ப்பு எல்லாத்தோடயும். ஆனா என்ன பண்றது, நீங்கதான் எரிச்சுட்டீங்களே. என்ன சார், வேர்க்குது? ஃபேனப் போட்டுக்குங்க.

கணக்கர்: மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்த நாய் உசுரோட... இல்ல, வேண்டாம்.

தணிக்கையாளர்: கேளுங்க.

கணக்கர்: ஒண்ணும் இல்ல மேடம்.

நாய்க்காரர்: மாப்ளே. கொஞ்சம் வெளிய வா.

தணிக்கையாளர்: பட்டை கெடச்சுதா?

நாய்க்காரர்: காணோம் மேடம். மாப்ளே, வா.

கணக்கர்: பட்டையக் காணோமா? அது எங்க போகும் அத்தான்?

நாய்க்காரர்: பட்டையும் காணோம், பட்டைக்குள்ள இருந்தவளையும் காணோம். உன் ஃபைல் கட்டு சரிஞ்சு கெடக்கு. கதவு தொறந்து கெடக்கு.

கணக்கர்: அத்தான்... மேடம் இருக்காங்க.

நாய்க்காரர்: இருக்கட்டும். பின் கேட்டும் தொறந்திருக்கு மாப்ளே. அந்தப் பக்கம் லாரி போற ரோடு. அவளுக்கு ஹாரன் சத்தம் கேக்காது. கொட்டடில பாத்தேன், குழாயடில பாத்தேன், எங்கயும் இல்ல.

கணக்கர்: மேடம், அது வந்து... அவரு வேற நாயச் சொல்றார்...

நாய்க்காரர்: நிறுத்து. மேடம், மிளகு சாகல. இத்தன நேரமும் நாங்க சொன்னது பொய். பக்கத்து ரூம்ல அடைச்சு வெச்சிருந்தோம், இப்ப காணோம். நீங்க என்ன வேணாலும் எழுதிக்குங்க, என் வேலைய வாங்கிக்குங்க. நான் ரோட்டுக்குப் போறேன்.

கணக்கர்: எழுதினது நான் மேடம். அவருக்கு ஒழுங்காப் பொய் சொல்லக்கூட வராது, நீங்களே பாத்தீங்க. ஏலத்துக்குப் போயிடுமேன்னு நான்தான் எரிஞ்சதுன்னு போட்டேன். எழுதறதுன்னா என்னப் பத்தி எழுதுங்க.

நாய்க்காரர்: ஏலத்துக்கே போகட்டும் மாப்ளே. யாரு வாசல்லயாவது, வெயிலோ நிழலோ, மூச்சோட கட்டிக் கெடக்கட்டும். லாரில அடிபடாம இருந்தாப் போதும். நான் போறேன்.

தணிக்கையாளர்: நாய்க்காரரே, ரோட்டுக்குப் போக வேண்டாம்.

நாய்க்காரர்: உங்களுக்குத் தெரியாது மேடம்...

தணிக்கையாளர்: போக வேண்டாம்னு சொல்றேன்ல. முதல்ல கதவச் சாத்துங்க. சார், பேனா எடுங்க.

கணக்கர்: இப்பவா மேடம்? நாய் காணாமப் போயிருக்கு...

தணிக்கையாளர்: எழுதுங்க. "தீயில் எரிந்தது" அடிச்சாச்சா?

கணக்கர்: ...அடிச்சாச்சு.

தணிக்கையாளர்: "சோதனைக் கருவி, மோப்பம். ஆண்டு மறு ஆய்வு செய்யப்பட்டது. இயங்கும் நிலையில் உள்ளது. பயன்பாட்டு ஆயுள் நீட்டிக்கப்படுகிறது." கீழ என் கையெழுத்துக்கு எடம் விடுங்க.

கணக்கர்: மேடம்... உங்களக் கையெடுத்துக் கும்பிடணும். ஆனா கண்ணால பாக்காம நீங்க எப்படிப் போடுவீங்க? எங்களுக்காக நீங்க பொய் எழுதி, வெள்ளிக்கிழமை சபைல யாராவது எழுந்து வாசிச்சா...

தணிக்கையாளர்: நான் யாருக்காகவும் பொய் எழுதறவ இல்ல. எனக்கு இரக்கம் கிரக்கமெல்லாம் கெடையாது, என் வீட்டுக்காரரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவார். தப்பா எழுதியிருந்தீங்க, திருத்தறேன். அவ்வளவுதான்.

நாய்க்காரர்: மேடம், உங்க சட்டமெல்லாம் அப்புறம் பேசிக்குங்க. அவ வெளிய...

தணிக்கையாளர்: வெளிய போகல. சார் உங்களக் கூப்பிடப் போனப்பவே அந்தக் கதவத் தள்ளிக்கிட்டு நேரா இங்க வந்து, என் பைய மோந்து பாத்துட்டு உக்காந்தா. நான் எழுந்திருக்கப் பாத்தேன், கால் மேல தலைய வெச்சுட்டா. மேசைக்கு அடிலதான் இருக்கா, உங்க பக்கம் பலகை அடிச்சிருக்கறதால உங்களுக்குத் தெரியல. ஆரஞ்சையும் எடுத்துட்டேன், தலைல கைய வெச்சும் சொல்லிப் பாத்துட்டேன், என்ன ஒரு பொருட்டா மதிக்கல. எனக்குக் கால் மரத்துப் போய் ரொம்ப நேரம் ஆகுது... வந்து நீங்களே சொல்லுங்க, ஆச்சுன்னு.